சி டிரைவுல விண்டோஸ்தானே சார் இருக்கு?

"எல்லாத்தையும் காப்பி பண்ணியாச்சு, இனி அந்தப் பழைய பொட்டியை எடைக்குப் போட்டுடலாம்." கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று சொந்தபந்தத்தில் பெயர் வாங்கியவர்கள் சொல்லும் வாக்கியங்களிலேயே மகா ஆபத்தானது இதுதான் என்பது என் கட்சி. 2000-ல் வந்த ஐ லவ் யூ வைரஸ் தின்ற கோப்புகளை விட இந்த ஒரு வாக்கியம் தின்றது அதிகமாக இருக்கும். (கணக்கு கேட்காதீர்கள், வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.)

காப்பி பண்ணுவது வேறு, இடம் மாற்றுவது வேறு. வீடு காலி பண்ணுகிறவன் பீரோவைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுச் சாவியைப் பழைய வீட்டு ஆணியில் தொங்கவிட்டு வந்தால் என்ன சொல்வோம்? அதைத்தான் இருபது வருஷமாகத் தமிழ்க் கோப்புகளுக்குச் செய்துகொண்டிருக்கிறோம். செய்துவிட்டு, "டிஸ்க் போயிடுச்சு", "வைரஸ் வந்துடுச்சு", "அந்தக் காலத்து ஃபைல், என்ன பண்றது" என்று கதை வேறு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நான் ஆரணிப் பக்கத்து ஆள். திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க்கில் பொட்டி தட்டிப் பிழைக்கிறேன். ஊருக்குப் போக ராத்திரி முழுக்க ரயில், அப்புறம் பஸ். அதனால் இங்கே தமிழ் பேச ஆள் கிடைத்தால் லேசில் விடுவதில்லை. அப்படிக் கிடைத்தவர்தான் கரமனையில் குடியிருக்கும் ஒரு ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். நாஞ்சில் நாட்டுக்காரர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. இந்த ஊர்த் தமிழர்கள் பேசும் தமிழைச் சேகரிப்பதுதான் அவருடைய இருபது வருஷ வேலை. கரமனை அக்ரகாரம், வலியசாலை, சாலைக் கடைத்தெரு என்று நோட்டுப் புத்தகத்தோடு அலைந்து, எந்தச் சொல், யார் சொன்னது, எந்தத் தெரு, எந்தச் சமயத்தில் சொல்வார்கள் என்று எழுதி வந்திருக்கிறார். கன்னியாகுமரி 1956 நவம்பர் 1-ல் சென்னை மாகாணத்தோடு போனபிறகு, கோட்டின் இந்தப் பக்கம் தங்கிப்போனவர்களின் தமிழ் இது. இந்தத் தமிழ் தெரிந்த கிழவிகள் வருஷத்துக்கு நாலு பேர் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். 1998-லிருந்து எல்லாம் கம்ப்யூட்டரில். நோட்டுப் புத்தகங்களை வீடு மாறும்போது கரையானுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆக, இருப்பது ஒரே பிரதி.

அந்தப் பிரதி ஒரு கேபினெட்டுக்குள் நாலு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. நம்மூர் வழக்கம் தெரியுமே. டிஸ்க் நிறைந்துபோனால் பழசைக் கழற்ற மாட்டார்கள், பக்கத்தில் இன்னொன்றை முறுக்குவார்கள். மதர்போர்டில் இரண்டு ஐடிஈ சாக்கெட். ஒரு பட்டைக் கேபிளில் இரண்டு பேர், ஒருத்தர் மாஸ்டர், ஒருத்தர் ஸ்லேவ். நாலாவது டிஸ்க்குக்கு இடம் வேண்டுமென்று கடைக்காரர் சிடி டிரைவைக் கழற்றிவிட்டார்! 1998-ல் வாங்கிய முதல் கம்ப்யூட்டரின் 4.3 ஜிபி டிஸ்க் அப்படியே டி டிரைவாக உட்கார்ந்திருக்கிறது. 20 ஜிபி ஒன்று சி டிரைவ், அதில் விண்டோஸ் எக்ஸ்பி. இரண்டு 40 ஜிபிகளைச் சேர்த்துக் கட்டி ஒரே ஈ டிரைவாகக் காட்டியிருக்கிறார் அந்தக் கடைப் புண்ணியவான். டைனமிக் டிஸ்க் என்று விண்டோஸ் 2000-ல் வந்த வித்தை. இரண்டில் ஒன்று செத்தால் இரண்டும் செத்த மாதிரிதான். எண்பது ஜிபி ஒரே டிரைவாகத் தெரிய வேண்டும் என்ற ஆசைக்கு ஒருத்தர் ஆயுட்கால உழைப்பைப் பணயம் வைத்தது அந்த வித்தை.

சாரின் அண்ணன் மகன் பெங்களூரில் பெரிய வேலை. ஓண லீவுக்கு வந்தவர் ஒரு டெராபைட் எக்ஸ்டர்னல் டிரைவைச் சொருகி, மை டாக்குமெண்ட்ஸ், டி, ஈ மூன்றையும் காப்பி போட்டார். பழைய போர்டு, யுஎஸ்பி 1.1. நொடிக்கு ஒரு எம்பி வந்தாலே பெரிசு. விடிய விடிய ஓடியிருக்கிறது. அந்தப் பொறுமைக்கு அவருக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும். நடுநடுவே டி டிரைவில் சில கோப்புகள் படிக்க முடியவில்லை என்று பெட்டி வந்தபோது அவற்றை விட்டுவிட்டு மற்றதைக் காப்பி போட்டிருக்கிறார். அதற்குக் கும்பிடு கிடையாது. மறுநாள் புது லேப்டாப், பழைய கேபினெட் வராந்தாவில் ஆக்ரிக்காரனுக்காக. (பழைய இரும்பு, பேப்பர் வாங்குகிறவருக்கு இந்த ஊரில் அதுதான் பெயர்.)

புது லேப்டாப்பில் கோப்பைத் திறந்தால் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும், தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளுமாக ஒரே கும்பல். சார் எனக்குப் போன் போட்டு, "தம்பி, நான் எழுதுனது எல்லாம் பிரெஞ்சாட்டு மாறிப்போச்சே" என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பெங்களூருக்குப் போன் போட்டு, சி டிரைவை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். வந்த பதில்தான் மேலே தலைப்பு.

அண்ணன் மகனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் சொன்னதைத்தான் நம் ஆட்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்வார்கள். சி டிரைவில் விண்டோஸ் இருக்கும், அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், டேட்டா மற்ற டிரைவில். வெள்ளைக்காரன் கோப்புக்கு இது சரி. தமிழ்க் கோப்புக்கு இது கொலை. காரணம், ஒருங்குறிக்கு முந்தைய தமிழ்க் கோப்பில் தமிழே கிடையாது!

புரியாதவர்களுக்காகக் கொஞ்சம் கொசுவர்த்தி. ஒரு கோப்பில் இருப்பது வெறும் எண்கள். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று உலகம் முழுக்க ஒத்துக்கொண்டால்தான் எழுதியதை இன்னொருவர் படிக்கலாம். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் என்ன செய்தன? ஆங்கில எழுத்துக்கான எண்ணை எடுத்துக்கொண்டு, அதன்மேல் தமிழ் எழுத்தின் படத்தை ஒட்டிவிட்டன. ஈழத்து நண்பர்கள் அதிகம் பயன்படுத்திய பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால், கோப்புக்குள் போய் உட்காருவது எம், கே, செமிகோலன், கே, எச். அந்த எழுத்துரு இருக்கும் கம்ப்யூட்டரில் அது அம்மா. இல்லாத இடத்தில் செமிகோலன். தமிழ் இருந்தது கோப்பில் இல்லை, எழுத்துருவில். எழுத்துரு இருந்தது எங்கே? சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள், ஃபாண்ட்ஸ் என்ற ஃபோல்டரில். டேட்டா இல்லாத டிரைவாம்!

பாமினிக்காவது பரவாயில்லை. ஊரறிந்த பெண். டிஸ்கி என்று உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் 1990களின் கடைசியில் மின்னஞ்சலில் சண்டை போட்டுப் போட்டு உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு, அதையொட்டித் தமிழக அரசின் டாம், டாப். இவற்றின் அட்டவணைகள் எல்லாம் வெளிப்படை. எந்த எண், எந்த எழுத்து என்று யாரும் பார்க்கலாம். அதனால்தான் சுரதாவின் பொங்குதமிழ் செயலி வந்தது, என்எச்எம் கன்வெர்ட்டர் வந்தது, ஒரு பொத்தானை அழுத்தினால் ஒருங்குறி. மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998 பொங்கலுக்குத் தொடங்கி, கல்யாணசுந்தரமும் தன்னார்வலர்களும் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்தார்கள். டிஸ்கியில் இருந்ததையும் பிறகு உட்கார்ந்து ஒருங்குறிக்குக் கொண்டுவந்தார்கள். அதனால் இன்றைக்கும் படிக்கிறோம். காசு இல்லாதவர்கள் செய்தது இது.

காசு வாங்கியவர்கள் செய்தது என்ன? சார் பயன்படுத்தியது ஒரு டிடிபி தொகுப்பு. பெயர் சொல்லப் போவதில்லை. அந்தக் காலத்தில் பல கம்பெனிகள் ஒரே மாதிரிதான், ஒருவரைச் சொல்லி மற்றவரைத் தப்பவிடுவானேன். பிரிண்டர் போர்ட்டில் ஒரு பிளாஸ்டிக் டாங்கிள் சொருகினால்தான் தொகுப்பு திறக்கும். சொந்தக் குறியேற்றம், அட்டவணை ரகசியம். பக்கத்து கம்பெனியின் எழுத்துருவில் நம் கோப்பு திறக்கக் கூடாது என்பதே நோக்கம். இன்றைக்கு பிரிண்டர் போர்ட்டே இல்லை. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால், "அது பழைய வெர்ஷன் சார், இப்ப சப்போர்ட் இல்ல" என்கிறது ஒரு இளங்குரல். அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தத் தொகுப்பு வந்தபோது அவர் பிறந்திருப்பாரா என்பதே சந்தேகம்.

ஒருங்குறியில் தமிழ் 1991-லேயே இருக்கிறது. விண்டோஸ் 2000-ல் லதா எழுத்துருவோடு தமிழ் உள்ளேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ரகசிய அட்டவணைகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். அச்சகங்களும் பத்திரிகை அலுவலகங்களும் அரசு அலுவலகங்களும் வாங்கிக்கொண்டும் இருந்தன. தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ் 16-ஐயும் தரம் என்று ஆணையிட்டது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில். அதுவரை அடித்ததெல்லாம் என்ன ஆவது என்ற கேள்விக்கு இன்றுவரை ஒழுங்கான பதில் இல்லை. பிடிஎஃப் போட்டிருக்கிறார்களே என்பீர்கள். பழைய எழுத்துருவில் அடித்துப் போட்ட பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வரியைக் காப்பி பண்ணி ஒட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தமிழ், தேடுபொறிக்குக் குப்பை. எத்தனை ஆய்வேடுகள் அப்படிக் கிடக்கின்றன!

இப்போது என் ஜாதிக்காரர்களிடம், அதாவது பொட்டி தட்டுகிறவர்களிடம், வருகிறேன்.

டெக்னோபார்க்கில் பகல் முழுக்க நாங்கள் பிடுங்கும் ஆணிகளில் பெரிய ஆணி 'டேட்டா மைக்ரேஷன்'. அமெரிக்காவில் ஏதோ ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி, 1970களில் கோபோலில் எழுதிய பாலிசி விவரம், ஐபிஎம் மெயின்ஃபிரேமில். அந்தக் கோப்புகள் எப்சிடிக் என்ற குறியேற்றத்தில் இருக்கும். 1964-ல் சிஸ்டம் 360-ஓடு வந்தது. ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ அதில் 193, ஆஸ்கியில் 65. தசம எண்களைச் சுருக்கி வைக்கும் காம்ப் 3 என்று ஒரு பூதம் வேறு. எழுதிய மனிதர் ஃப்ளோரிடாவில் ரிட்டயர் ஆகியிருப்பார், இல்லையென்றால் சொர்க்கத்தில். ஆவணம் இருக்காது. நாங்கள் விட்டுவிடுகிறோமா? ரெக்கார்டு எண்ணிக்கை இந்தப் பக்கம் இத்தனை, அந்தப் பக்கம் இத்தனை. கூட்டுத்தொகை இரண்டு பக்கமும் ஒத்துப்போகணும். சாம்பிள் எடுத்துக் கண்ணால் பார்க்கணும். வாடிக்கையாளர் கையெழுத்துப் போடணும். அதற்கப்புறம் மூன்று மாசம் பழைய மெஷினை அணைக்கக் கூடாது. ஒரு பைசா வித்தியாசம் வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு கான்ஃபரன்ஸ் கால்.

அதே ஆசாமி சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சித்தப்பாவின் கம்ப்யூட்டரை மாற்றும்போது, எத்தனை கோப்பு போனது என்று எண்ணுவதில்லை. ஒன்றைக்கூடத் திறந்து பார்ப்பதில்லை. படிக்க முடியாததற்கு ஸ்கிப். அன்றைக்கே பொட்டி எடைக்கு. டாலர் வந்தால் எப்சிடிக் 'லெகசி', கௌரவமான வேலை. தமிழ் என்றால் டிஸ்கி 'குப்பை'. ரெண்டும் ஒரே வேலைதானே ஐயா! எண்ணை எழுத்தாக மாற்றும் ஒரு அட்டவணை. ஒன்றைச் செய்யத் தெரிந்தவனுக்கு மற்றதும் தெரியும். ஆக, தெரியாமல் செய்யவில்லை என்று அர்த்தம். மதிப்பில்லை, அதனால் செய்யவில்லை.

"அதுல என்ன இருக்குன்னு இவ்வளவு அலட்டல்? யாரு படிக்கப் போறா?" இந்தக் கேள்வியை டீக்கடையில் ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. பத்மநாபபுரம் பக்கத்தில் மணலிக்கரை மடத்தில் ஒரு ஏட்டுக் கட்டு கிடந்தது. மலையாள எழுத்தில் சம்ஸ்கிருதம். அதுவும் யார் படிக்கப் போறா ரகம்தான். திருவனந்தபுரத்து கணபதி சாஸ்திரி அதைப் பிரித்துப் பார்த்து, பாசனின் நாடகங்கள் என்று 1912-லிருந்து அச்சில் கொண்டுவந்தார். மொத்தம் 13. அதுவரை பாசன் என்பது காளிதாசன் சொன்ன ஒரு பெயர். (பாசன் எழுதியதுதானா என்று பண்டிதர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், அது வேறு கதை. அடித்துக்கொள்ளவாவது ஏடு வேண்டுமே.) கட்டைப் பிரிக்கும் முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இந்த ஊரிலேயே கோட்டைப் பகுதியில், பத்மநாபசாமி கோயில் பக்கம், ஆவணக் காப்பகத்தில் மதிலகம் ஓலைகள் இருக்கின்றன. முப்பது லட்சம் ஓலைகள் என்று கணக்கு. சுருணை சுருணையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். 2022 டிசம்பரில் ஓலைச்சுவடிகளுக்கென்று அங்கே ஒரு அருங்காட்சியகமும் திறந்தார்கள். பார்க்காதவர்கள் போய்ப் பாருங்கள். வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, பழந்தமிழ். பல நூறு வருஷத்து ஓலை. டாங்கிள் கிடையாது. எழுத்தைக் கற்றுக்கொண்டால் படிக்கலாம், அவ்வளவுதான். அங்கிருந்து கரமனை ஆட்டோவில் கொஞ்ச தூரம். அங்கே 2003-ல் அடித்த கோப்பைப் படிக்க முடியவில்லை.

ஓலையும் தானாக நிலைத்துவிடவில்லை. பூச்சி அரிக்கும், ஓரம் உதிரும், அதனால் தலைமுறைக்கு ஒருதரம் யாராவது உட்கார்ந்து பெயர்த்தெழுத வேண்டும். பெயர்த்தெழுதுகிறவனுக்குப் பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்திருக்கணும், வெறும் கைவேலை இல்லை. எங்கே விட்டோமோ அங்கே போச்சு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னதைக் கேட்டு உ.வே.சா. துடித்த கதையை அவரே எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்து ஐயோ என்று நாமும் துடிக்கிறோம். நெய்யாவது ஊற்றினார்கள். நாம் கிலோ கணக்கில் போடுகிறோம்.

வெள்ளைக்காரனும் இதில் சூடு பட்டவன்தான். 1086-ல் இங்கிலாந்தில் எழுதிய டூம்ஸ்டே புத்தகம் தோலில் இன்றும் இருக்கிறது. அதன் 900-வது வருஷத்துக்கு, 1986-ல், பிபிசி ஒரு டிஜிட்டல் டூம்ஸ்டே செய்து லேசர் தட்டுகளில் போட்டது. பதினைந்தே வருஷத்தில் அதைப் படிக்க மெஷின் தேடி அலைய வேண்டியதாகிவிட்டது. ஆனால் அவர்கள் அலைந்தார்கள். பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் மென்பொருள் எழுதி, படித்து எடுத்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்து வீட்டு மலையாளியைப் பாருங்கள். அவர்களுக்கும் எழுத்துரு ஒன்றுக்கு ஒரு குறியேற்றம் என்று இதே தலைவலி இருந்தது. ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் நண்பர்கள் 'பய்யன்ஸ்' என்று ஒரு நிரலி எழுதினார்கள். அதில் விசேஷம், ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு மேப் கோப்பு. யார் வேண்டுமானாலும் புது எழுத்துருவுக்கு மேப் எழுதிச் சேர்க்கலாம். கட்டற்ற மென்பொருள் என்றால் இந்த ஊரில் தெருவில் போகிறவருக்கும் ஓரளவு தெரியும். 2001-ல் ஸ்டால்மனைக் கூப்பிட்டு இந்தியாவுக்கான அறக்கட்டளையைத் தொடங்கியதே இந்த ஊரில்தான். பள்ளிக்கூடங்கள் லினக்ஸுக்கு மாறின. அந்தச் சூழ்நிலை செய்கிற வேலை அது. நம் பக்கம் தனி ஆட்களாக நாலைந்து பேர் முட்டி மோதியதுதான் மிச்சம்.

சரி, சாரின் பொட்டி என்னவானது? ஆக்ரிக்காரர் வரும் முன்னால் போய்விட்டேன். மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் வயிறு ஊதி நின்றன. இனி அதை ஓட்டிப் பார்ப்பது வம்பு. நாலு டிஸ்க்கையும் கழற்றி, எதற்கு எந்த இடம், எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்று லேபிள் ஒட்டினேன். அந்த ஜோடி நாற்பதுகளைத் தனித்தனியே சொருகினால் விண்டோஸ் உள்ளே இருப்பது எதையும் காட்டாது. அவசரப்பட்டு ஃபார்மட் பண்ணினால் கதை முடிந்தது. லினக்ஸில் போட்டு, ஒவ்வொரு டிஸ்க்கையும் முழுசாகப் பிம்பம் எடுத்துக்கொண்டு, அதற்கப்புறம் பிம்பத்தின்மேல்தான் எல்லா வேலையும். ஜோடியைச் சேர்த்துப் படிக்க எல்டிஎம்டூல் இருக்கிறது. கடக் கடக் என்று சத்தம் போட்ட 4.3 ஜிபிக்கு டிடி ரெஸ்க்யூ. நல்ல இடங்களை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும் புத்திசாலி. விண்டோஸ் படிக்க முடியாத கோப்புகளில் மூன்று தவிர மற்றதெல்லாம் வந்தன. அது ஒரே ஞாயிற்றுக்கிழமை வேலை.

மீதி ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் எழுத்துருவுக்குப் போனது. ஃபாண்ட்ஃபோர்ஜில் எழுத்துருவைத் திறந்து, எண் எண்ணாகப் பார்த்து, அட்டவணை எழுதி, பைத்தானில் ஒரு சின்ன நிரலி. மாற்றுவதிலும் சூட்சுமம் உண்டு. பழைய முறையில் 'கொ' என்பது கண்ணில் தெரிகிற வரிசையில், கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. ஒருங்குறியில் க முதலில், ஒகரக் குறி அப்புறம். இடம் மாற்றவில்லை என்றால் வார்த்தை நொண்டும். ஔகாரக் குறியும் ள என்ற எழுத்தும் பார்க்க ஒன்றே. அதனால்தான் இணையம் முழுக்க 'கெளதம்' அலைகிறார். பாவம், அவர் கௌதம். இதற்கு மென்பொருளை நம்ப முடியாது, சொல்லைத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கணும். சார் இருந்தார். இன்னும் பத்து வருஷம் கழித்து இந்த வேலையை யாராவது செய்திருந்தால், அந்த ஊர்ச் சொல் ஒவ்வொன்றிலும் இது ளவா ஔவா என்று யாரைக் கேட்பது?

இன்னொன்று. கோப்பை டெக்ஸ்டாக சேமித்து வைத்துக்கொண்டால் பாதுகாப்பு என்று சில மேதைகள் சொல்வார்கள். ஒருங்குறிக்கு அது உத்தமம். இந்த ரகக் கோப்புக்கு விஷம். எந்தத் துண்டு தமிழ் எழுத்துருவில் இருக்கிறது, எது நிஜமான ஆங்கிலம் என்ற ஒரே தடயம் வேர்ட் கோப்புக்குள் இருக்கும் எழுத்துருப் பெயர்தான். டெக்ஸ்ட் ஆக்கினால் அதுவும் போய்விடும், அப்புறம் சார் இடையில் எழுதிய 'ஃபோர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் தமிழாக மாறி அசிங்கமாகச் சிரிக்கும். ஓசிஆர் போட்டால் ஆச்சு என்கிறவர்களுக்கு: படம் எடுக்க முதலில் திரையில் தமிழ் தெரியணும், அதற்கு எழுத்துரு வேண்டும், எழுத்துரு சி டிரைவில் இருக்கிறது. கிளவுடில் போட்டாச்சு என்கிறவர்களுக்கு: செமிகோலனை மேகத்தில் வைத்தாலும் செமிகோலன்தான்.

அதனால், யார் வீட்டிலாவது 2005-க்கு முந்தைய தமிழ் இருக்கும் கேபினெட் இருந்தால், சி டிரைவோடு சேர்த்து எல்லா டிஸ்க்கையும் முழுசாகப் பிம்பம் எடுங்கள். இன்றைக்கு அத்தனையும் ஒரு பென் டிரைவில் அடங்கிப்போகும். எழுதியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, புது மெஷினில் ஒவ்வொரு ஃபோல்டரிலும் நாலு கோப்பைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் வாசிக்கும்வரை வேலை முடியவில்லை, ஆக்ரிக்காரரை அனுப்பிவிடுங்கள்.

அந்த டிடிபி கம்பெனிகளிடம் நான் கேட்பது நஷ்ட ஈடு இல்லை. அந்த எழுத்துருக்களை இனி யாரும் வாங்கப் போவதில்லை, ரகசியத்துக்கு ஒரு காசு மதிப்பு கிடையாது. எட்டு பிட் என்றால் மொத்தமே 256 கட்டம். ஒரே ஒரு பக்கம். அதை வெளியிட என்ன தயக்கம்? பல்கலைக்கழகங்கள் தங்களிடம் இருக்கும் சிடிகளைப் பட்டியல் போட்டு, எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தால், பத்து எம்சிஏ மாணவர்கள் ஒரு செமஸ்டரில் பாதி வேலையை முடிப்பார்கள். கோபோல் படிக்காத பிள்ளைகளுக்கு மைக்ரேஷன் என்றால் என்னவென்றும் புரிந்துவிடும்.

நான் எழுதிய அட்டவணையில் இன்னும் மூன்று கட்டங்கள் பிடிபடவில்லை. சாரின் கோப்புகளில் மொத்தம் பதினொரு இடத்தில் வருகின்றன. கிரந்தக் கூட்டெழுத்துகள் என்று நினைக்கிறேன், ஆனால் எழுத்துருவில் அந்தக் கட்டங்களில் படமே இல்லை. 1998-லிருந்து 2004 வரை அப்படியொரு தொகுப்பில் எழுத்து வரைந்தவர்கள் சென்னையில் எங்காவது இருப்பார்கள். 140, 156, 173. இதுதான் அந்த மூன்று எண்கள்.